வாடை போன வீடு

பழவேற்காடு,
21.1.2025

அன்புள்ள மோகன் அண்ணாவுக்கு,

போனை எடுக்காதவனுக்குக் கடிதம் போடுவது தொந்தரவுதான், மன்னித்துக்கொள். உன் கொச்சி விலாசத்தை உன் கூட்டாளி சுரேஷிடம் மூன்று முறை கேட்டு வாங்கினேன். அவன் மேல் கோபப்படாதே. எனக்கு நேரில் பேச வராது என்பது உனக்குத் தெரியும். எழுதினால் பாதியாவது சொல்லிவிடுவேன்.

வீட்டை விற்கிறோம். அம்மாதான் முதலில் பேச்செடுத்தாள். ஐப்பசி மழையில் ஏரித் தண்ணீர் மறுபடியும் அடுப்படிவரை வந்துவிட்டது. அம்மாவுக்கு முட்டி வீங்கிவிட்டதால் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்க முடியவில்லை. நான் பொன்னேரியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலைக்குப் போகிறேன். பகலெல்லாம் அவள் தனியாகக் கிடக்கிறாள். அனுப்பம்பட்டில் ஸ்டேஷன் பக்கமாக ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறேன். இந்த வீடு அம்மா பெயரில் இருப்பதால் அவள் கைரேகை வைத்தால் போதும். வரும் முப்பதாம் தேதி, வியாழக்கிழமை, பத்திரப்பதிவு.

வாங்குகிறவர் பெயர் பால்ராஜ். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. முதல் தடவை வந்தபோது அவர் மனைவி ஜெசிந்தா வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாங்க இது, வூடா, கருவாட்டு குடோனா?" என்று கேட்டார். அம்மா விடவில்லை. "ஏரிக்கரையில மல்லிப்பூவா மணக்கும்?" என்று திருப்பிக் கேட்டாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வாடை போனால் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இரண்டு வாரம் லீவு போட்டு வாடையோடு மல்லுக்கட்டினேன். பரண் மேலிருந்த கருவாட்டுச் சாக்குகள், கிழிந்த வலைகள் எல்லாவற்றையும் வெளியேற்றினேன். சுவருக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடித்தேன். தரையைச் சோடா உப்பு போட்டுத் தேய்த்தேன். மூலைக்கு மூலை அடுப்புக்கரி வைத்தேன். போனில் பார்த்துவிட்டு ஒரு கிண்ணத்தில் காபித்தூளும் வைத்தேன். "யாருக்குடி படையல்?" என்று அம்மா சிரித்தாள். வீட்டில் மீன் சமைக்கவே இல்லை. தினமும் வரும் அந்த ஒற்றைக்காது பூனை நான்காம் நாள் வாசலில் நின்று மோந்து பார்த்துவிட்டு, வேறு யாரோ வீடு என்பதுபோல் திரும்பிப் போனது.

அதற்குப் பிறகும் கொல்லையிலிருந்து வாடை வந்துகொண்டே இருந்தது. அம்மா இருபது வருஷமாக இறால் உரித்துத் தோலைக் கொட்டிய இடம். மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு ஒரு மூட்டை சுண்ணாம்பைக் கொட்டினேன். அத்தோடு அடங்கிவிட்டது. அந்த இடத்தைப் பற்றி நைனா சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. அம்மாவுக்கு வந்திருக்கும். அவள் மண்வெட்டியைக் கழுவி வைத்தாள்.

உனக்கு ஞாபகம் இருக்கும். பனிமூட்டத்தில் எப்படிக் கரை சேர்கிறீர்கள் என்று நான் சின்ன வயதில் கேட்டேன். "கண்ணு எதுக்கு கண்ணு? தோணிரேவு கரைன்னா பொகை வாடை. நம்ம வூடுன்னா உங்கம்மா கொட்டற எறாத்தோலு வாடை. மூக்கு இட்டாந்து வுட்டுடும்" என்றார் நைனா.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மறுபடி வந்தார்கள். ஜெசிந்தா ஒவ்வொரு மூலையாக மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, மீன் பிடிக்கிறவங்க வீடு மாதிரியே இல்லை என்று பாராட்டினார். அம்மா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை எதிரில் இருக்கும் புன்னை மரம்கூடத் தெரியாத பனி. அம்மா கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஏரியில் கழி ஊன்றித் தோணி தள்ளும் சத்தம் கேட்டது. நானும் கேட்டேன். நம் துறையை நோக்கி நேராக வந்தது. கிட்டே வந்ததும் நின்றது. தேடுவதுபோல் கொஞ்ச நேரம் அங்கேயே தண்ணீர் அலம்பியது. பிறகு கழி சத்தம் நம் வீட்டைத் தாண்டி வடக்கே போய்விட்டது. அம்மா எழுந்து நின்று, "ந்தா, இங்கதான், இங்கதான்" என்று கத்தினாள். நைனா ஏரிக்குப் போய்த் திரும்பாத இந்த மூன்று வருஷத்தில் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

வழி தவறிய யாரோ என்று அம்மாவிடம் சொன்னேன். பட்டம் வாங்கியவள் வேறு என்ன சொல்வாள்? ஆனால் பிறகு விசாரித்ததில், அந்தப் பனியில் யாருமே தோணி எடுக்கவில்லை என்றார்கள்.

அன்று மத்தியானமே அம்மா வீங்கிய முட்டியோடு மார்க்கெட்டுக்கு நடந்து போய், ஒரு கூடை இறால் தோல் வாங்கி வந்து சுண்ணாம்பின் மேல் கொட்டிவிட்டாள். கைரேகை வைக்கமாட்டாளாம். "அவரு தேடிக்கினு வந்து திரும்பிப் போறாரு. நான் எப்படிடி ரயிலடிக்குக் குடி போறது?" என்கிறாள். நைனாவுக்குத் தெரியும்படி அந்த வீட்டிலும் இறால் உரிக்கலாம் என்று சமாதானம் சொன்னேன். "தோலு வாடை ஆயிரம் வூட்டுல கீது. இப்போ அவரு வாடை எங்க கீதோ அங்கதான் வருவாரு. அது இந்த வூட்ட வுட்டா எங்கியும் இல்ல" என்றாள்.

இருக்கிறது அண்ணா. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அன்று விடிகாலையில் நைனா உன்னை இரண்டு முறை எழுப்பினார். நீ புரண்டு படுத்தாய். நானும் முழித்துக்கொண்டுதான் இருந்தேன், நானும் உன்னை எழுப்பவில்லை. அவர் தனியாகவே தோணி எடுத்துப் போனார். இதை உன்னிடம் சொல்ல மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. அம்மா ஒருநாளும் உன்னைக் குறை சொன்னதில்லை. உன் தட்டை இன்னமும் தனியாகக் கழுவி வைக்கிறாள்.

நைனா முந்தின நாள் கழற்றி ஆணியில் மாட்டிய நீலக்கட்டச் சட்டையை அம்மா பல நாள் தேடினாள். போட்டுக்கொண்டு போயிருப்பார் என்று முடிவு செய்துவிட்டாள். நீ வீட்டை விட்டுப் போன அன்று அதை மடித்து உன் பைக்குள் வைத்ததை நான் கதவிடுக்கில் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அங்கே மழை அதிகம் என்கிறார்கள், நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள். நீ எங்கே இருந்தாலும் ஏரி உன்னைக் காக்கட்டும்.

முப்பதாம் தேதிக்குள் அந்தச் சட்டையைக் கொண்டு வா அண்ணா. தபாலில் அனுப்பாதே, நீயே கொண்டு வா. இத்தனை நாள் துவைக்காமல் வைத்திருப்பாய் என்று நம்புகிறேன். இனியும் துவைத்துவிடாதே.

உன் வழி பார்த்திருக்கும் தங்கை,
ஆர்த்தி