கைதட்டாத பன்னிரண்டாயிரம் பேர்

மார்ச் 3

ஏழாவது தோல்வி. பட்டியலில் கடைசி இடம். இப்படியே போனால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். நான் கோல் காக்கும் அழகைப் பார்த்து ஒரு காலத்தில் கேலரி வைத்த பெயர் ‘கதவு’. இன்று, “கதவ யாராச்சும் சாத்துங்கப்பா” என்றார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. தண்ணீர் பாட்டில் ஒன்று முதுகில் விழுந்தது. கேலரியில் எனக்காகக் கத்திக் கத்தி மனைவிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மார்ச் 10

இதை எப்படி எழுதுவது?

கேலரி நிரம்பியிருந்தது. பன்னிரண்டாயிரம் பேர். ஒரு சத்தமில்லை. யாருக்கோ அஞ்சலி என்று நினைத்தேன். கேப்டன் நடுவரிடம் கேட்டே விட்டான்: “யாராவது செத்துட்டாங்களா சார்?” அவர் உதட்டைப் பிதுக்கினார்.

தொண்ணூறு நிமிடமும் அப்படித்தான். வெளியூர் ரசிகர்கள் பாட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்கள். பின்னால் வலை கம்பத்தில் உரசுவது கேட்டது. இரண்டு கோல் விட்டேன். திட்டக்கூட ஆளில்லை. முடிந்ததும் எழுந்தார்கள். மடக்கு நாற்காலிகள் வரிசை வரிசையாக மூடிக்கொள்ளும் சத்தம் மட்டும். உடை மாற்றும் அறையில் கேப்டன் வாந்தி எடுத்தான்.

மார்ச் 12

ரசிகர் மன்றத் தலைவர் சலூன் வைத்திருக்கிறார். போய் உட்கார்ந்தேன்.

“என்னண்ணே, போராட்டமா?”

கண்ணாடியில்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. “சத்தியமா யாரும் பேசி வைக்கல தம்பி. உன்ன நாலு வார்த்தை திட்டணும்னுதான் வந்தேன். உக்காந்ததும் வாயே வரல.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். இரண்டு நாளாகக் கேட்கப் பயம்.

“வாயத் தெறந்தேங்க. பக்கத்துல ஒருத்தரும் அசையல. என்னமோ தப்பு பண்ணப்போற மாதிரி இருந்துச்சு.”

மார்ச் 17

மறுபடியும் அதே. மூன்று கோல்.

மார்ச் 20

பயிற்சியில் ஒரு பந்தும் என்னைத் தாண்டவில்லை. “ஆளில்லாதப்ப நீ இன்னும் கதவுதான்யா” என்றார் கோச். கேலரி திட்டினால் எனக்குக் கோபம் வரும், கோபத்தில் கை நீளும். இப்ப எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது?

கடைசிப் பந்தில் மோதிர விரல் முறிந்தது. வலிக்கு முன்னால் நிம்மதி வந்தது. இதை வேறு எங்கும் சொல்ல முடியாது.

மார்ச் 24

என் இடத்தில் மாற்றுக் கோல்கீப்பர். இரண்டு வருடமாக பெஞ்சைத் தேய்த்தவன். நான் கட்டுப்போட்ட கையோடு மனைவி பக்கத்தில், கேலரியில்.

இருபதாவது நிமிடம் பந்து அவன் கையில் பட்டு நழுவி உள்ளே போனது. நிமிர்ந்து கேலரியைப் பார்த்தான். என்னைத்தான் பார்த்தான். “விடுடா, பரவால்ல” — அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொல்ல முடியல. யார் மேலயும் கோபமில்ல. யாராவது முதல்ல ஆரம்பிக்கட்டும்னு உக்காந்திருந்தேன். அத்தனை பேரும் அப்படித்தானா?

இரண்டாம் பாதியில் என் கட்டுக் கையை முன் நாற்காலியில் அடித்தேன். உயிர் போகிற வலி. மறுபடி அடித்தேன். முன்வரிசையில் எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. முகங்களில் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். மனைவியும் தட்ட ஆரம்பித்தாள். அடுத்த பந்தை அவன் பிடித்துவிட்டான்.

ஒன்றுக்குப் பூஜ்யம். தோல்விதான்.

ஏப்ரல் 7

நாற்பது பேர் தட்டினார்கள். சலூன்காரரும். கோல் இல்லாமல் டிரா.

ஏப்ரல் 21

வெற்றி. பாதி கேலரி தட்டியது. மீதிப் பாதி இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எதற்காக வருகிறார்கள்?

ஏப்ரல் 26

விரல் கூடிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ஆடலாம் என்று டாக்டர் சொன்னார். வெளியே மாற்றுக் கோல்கீப்பர் காத்திருந்தான். குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினான்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மேல கேலரியிலயே இருங்களேன்.”

சாயங்காலம் கோச்சுக்குப் போன் செய்தேன். வலி இன்னும் போகவில்லை என்றேன்.