வெறும் வயிற்றோடு போ, மகனே

சேசு மரி சூசை

இராஜாக்கமங்கலம் கடற்கரை
16-9-1951, ஞாயிறு

அன்பு மகன் யூஜினுக்கு அப்பன் ததேயுஸ் ஆசீர் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மையும் ஆண்டவர் கிருபையால் இருக்கிறோம். நீயும் மருமகள் கிளாராவும் அங்கே கொழும்பில் சுகமாயிருக்க, காலைப் பூசையில் உங்கள் பேரைச் சொல்லித்தான் முழங்காலில் நிற்கிறேன். போன வாரம் எழுதிய கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். இதைப் படிக்குமுன் அதைக் கையில் எடுத்து, கடைசிப் பக்கத்தில் அம்மை கிளாராவுக்குச் சொன்னதாக நான் எழுதியிருக்கும் வரியை, ஆபரேஷன் நாள் காலையில் உனக்கு இரண்டு வாய் கஞ்சி கொடுத்து அனுப்பச் சொன்ன வரியை, பேனாவால் அடித்துவிடு. கிளாரா கண் முன்னால் அடி. ஏன் என்று கீழே வருகிறது. என் பேச்சு நேர் வழியில் போகாது என்பது உனக்குத் தெரியாததல்ல, ஆனால் இன்று போய்ச் சேர்ந்துவிடும்.

நீ அனுப்பிய போட்டோவை அம்மை ஊரெல்லாம் காட்டிவிட்டாள். பார்த்தவர்கள் எல்லாரும் உபதேசியாரை, அதாவது என்னை, உரித்து வைத்திருக்கிறது என்றார்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சட்டைப் பொத்தான்களுக்கு இடையிலே தெரிந்த இடைவெளியைப் பார்த்துச் சொன்னார்கள். வியாதியும் என்னுடையதுதான், அதே குடற்புண். பசித்தால் வலிக்கும், தின்றால் அடங்கும், அதனால் வலிக்கு மருந்தாக நாள் முழுவதும் தின்போம், வலியும் வளரும் வயிறும் வளரும். நான் முப்பது வருஷம் கலியாண வீட்டிலும் மரித்த வீட்டிலும் செபம் சொல்லி, இரண்டு வீட்டிலும் முதல் பந்தியில் உட்கார்ந்து வளர்த்த வயிறு. இருநூற்றுப் பதினாறு ராத்தல் என்று மிஷன் ஆஸ்பத்திரித் தராசு சொன்னது. புரொட்டஸ்தாந்து வேதக்காரர் ஆஸ்பத்திரித் தராசு, கத்தோலிக்கனுக்குக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் என்று நான் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. கத்தி குடலைப் போய்ச் சேருமுன் நாலு விரற்கடை கொழுப்பில் நடக்க வேண்டும், இந்த உடம்போடு மேசையில் ஏற்றமாட்டேன், இரண்டு மாதத்தில் முப்பது ராத்தல் குறைத்துக்கொண்டு வாரும் என்றார். நான் பட்டினி கிடந்தால் போதும் என்று நினைத்து நாலு நாள் வெறும் கட்டன்காப்பி குடித்து மயங்கி விழுந்தேன். அதற்கும் திட்டு வாங்கினேன். சுவரை இடித்துக் கட்டப் போகிறோம், மண் வேண்டாமா, இளைப்பது வேறு, பட்டினி வேறு என்றார். ஆகவே நீயும் பட்டினி கிடக்காதே. மரச்சீனிக் கிழங்கையும் அரிசிச் சோற்றையும் கால்வாசியாக்கு. வறுத்தது, பொரித்தது, வற்றல் மிளகாய், ஓட்டல் பலகாரம் எல்லாவற்றுக்கும் கும்பிடு போடு. அவித்த மீன், முட்டை, ஆடை எடுத்த பால், முருங்கைக்கீரை, பப்பாளி, இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் தவறாமல் தின்னு. எனக்கு அது தபசு காலத்தில் வந்தது. ஊருக்கெல்லாம் ஒருவேளைச் சோற்றோடு ஒரு சந்தி இருக்கச் சொல்லுகிற உபதேசியார் வீட்டில் ஆறு வேளை அடுப்பெரிந்தால் ஊர் சும்மா இருக்குமா. பங்குச் சாமியாரிடம் போய் உத்தரவு கேட்டேன். உமக்கு அளவாய்ச் சாப்பிடுவதைவிடப் பெரிய தபசு வேறே இல்லை, போய்ச் சாப்பிடும் என்றார். முப்பது குறையவில்லை, இருபத்தாறு குறைந்தது. டாக்டர் போதும் என்று படுக்கை கொடுத்தார்.

இனி நான் உனக்கு இதுவரை எழுதாதது. என் ஆஸ்பத்திரிக் கதைகளை எழுதி உன்னையும் கிளாராவையும் சிரிக்க வைத்தேன் அல்லவா, அதில் ஒன்றை விட்டுவிட்டேன். என் பக்கத்துக் கட்டிலில் சிலுவைதாசன் என்று இருபத்துநாலு வயதுப் பையன், நமக்கு மேற்கே இரண்டு மைலில் உள்ள துறையில் கட்டுமரம் ஏறுகிறவன். அவனுக்கும் இதே குடற்புண், ஆனால் அவன் ஈர்க்குச்சி. அவன் அம்மை தேவகனி கூட இருந்தாள், விதவை, வேறு பிள்ளை இல்லை. அவனுக்குப் புதன்கிழமை, எனக்கு வெள்ளிக்கிழமை என்று முறை வைத்திருந்தார்கள். முந்தின சாயங்காலம் நர்ஸ் ஓமனா ஒவ்வொரு கட்டிலாக வந்து, ராத்திரிக் கஞ்சியோடு சரி, அதன் பிறகு ஒரு பருக்கை உள்ளே போகக்கூடாது என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள். புதன் விடியலில் தேவகனி முந்தானைக்குள் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வந்தாள். பழங்கஞ்சியும் சுட்ட கருவாடும். அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான். அவள் விடவில்லை. நம் கடற்கரையில் யார் விடுவார்கள். "கடலுக்குப் போற ஆம்பளைய வெறு வயித்தோட அனுப்பின வீடு உருப்பட்டதில்ல மக்கா, இது கடலவிடப் பெரிசுல்லா, ரெண்டு வாய் குடி" என்றாள். இரண்டு வாய் பாத்திரம் காலியாகும் மட்டும் போயிற்று. நான் விழித்துக்கொண்டுதான் கிடந்தேன். எனக்கு விதி தெரியும். நம் வீட்டிலும் அதே வழக்கம்தானே, உன்னைக் கப்பலேற்றிய அன்று அம்மை அதிகாலையில் கலயத்தோடு பின்னாலே ஓடி வந்தது நினைவிருக்கும். அதனால் அது எனக்குத் தப்பாகவே படவில்லை, வாசனை நன்றாயிருக்கிறது என்று மட்டும் பட்டது.

கொஞ்ச நேரத்தில் ஓமனா அட்டையும் பென்சிலுமாக வந்தாள். "சிலுவைதாசா, ராத்திரிக்குப் பொறவு ஏதும் சாப்பிட்டியா" என்று கேட்டாள். அவன் அம்மையைப் பார்த்தான். அம்மை தரையைப் பார்த்தாள். மகனே, அந்த இடத்தில் ஒரு மூச்சு அளவு மௌனம் இருந்தது. அதை அப்படியே விட்டிருந்தால் ஓமனா கண்டுபிடித்திருப்பாள், ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளியிருப்பார்கள், அவ்வளவுதான். எனக்கு மௌனம் பொறுக்காதே. "அவனுக்கு எங்கே கிடைக்கும் சிஸ்டர், இந்த வார்டுக்கு வாற சாப்பாடு முச்சூடும் எனக்க வயித்துக்குல்லா வருது" என்றேன். ஓமனா சிரித்துவிட்டாள். வார்டே சிரித்தது. அதுவரை பல்லைக் காட்டாத அந்தப் பையனும் சிரித்தான். அவள் சிரித்த வாயோடு அட்டையில் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். ஒருவரைக் காப்பாற்றி விட்ட பெருமையில் நான் திரும்பிப் படுத்தேன்.

மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு வெறுமையாயிருக்க வேண்டும் என்பது எதற்கென்று அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மயங்கிக் கிடக்கிறவனுக்கு வாந்தி வந்தால் துப்பத் தெரியாது. சிலுவைதாசனுக்கு வந்த கஞ்சி மூச்சுக் குழலுக்குள் இறங்கிவிட்டது. மறுநாளே காய்ச்சல், மூச்சு அடைப்பு. வெள்ளிக்கிழமை என்னைக் கொண்டுபோகுமுன் ஓமனா அதே கேள்வியை என்னிடம் கேட்டாள். இல்லை என்று ஒரு சொல் சொன்னேன். என் ஆயுசில் நான் கொடுத்த பதில்களில் அதுதான் சிறியது. ஞாயிறு மத்தியானம் சிலுவைதாசன் போய்விட்டான். முந்நூறு பேருக்கு மரணப் படுக்கையில் செபம் சொன்னவன் நான், கை எட்டும் தூரத்தில் கிடந்தவனுக்கு முழங்காலில் நிற்க முடியாமல், மூக்கில் குழாயும் வயிற்றில் தையலுமாக மல்லாந்து கிடந்தபடியே சொன்னேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று. அம்மையிடம் சொல்லவில்லை. தேவகனியிடம் சொல்லவில்லை. போன வாரம் உன் கடிதம் வந்து, 27-ந் தேதி ஆபரேஷன் என்றதும் அம்மை அழுது முடித்து, பதில் எழுதும்போது அந்த வரியைச் சொன்னாள். அதை எழுதாமல் விட வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். அதனால் எழுதினேன். கொழும்பு ஆஸ்பத்திரியில் கவனித்துக்கொள்வார்கள் என்று என்னை நானே ஏய்த்துக்கொண்டு, ஒட்டி, தபாலில் போட்டேன். பெற்ற பிள்ளைக்கு இதைச் செய்தவனை நீ என்ன நினைத்தாலும் சரிதான்.

தேவகனி மீன் கடவம் சுமந்து சனிக்கிழமைதோறும் நம் வாசல் வழியாகப் போகிறவள். நான் வீடு திரும்பின நாளிலிருந்து, வெட்டிய வயிற்றுக்கு இது ஒத்துக்கொள்ளும் என்று முள் இளகிய நெத்திலி ஒரு கை இலையில் பொதிந்து வைத்துவிட்டுப் போவாள். காசு வாங்கமாட்டாள். அந்த நெத்திலி என் தொண்டையில் எப்படி இறங்கிற்று என்று நான் எழுதப் போவதில்லை. நேற்று வந்தபோது அம்மை உன் காரியத்தைச் சொன்னாள், கஞ்சி கொடுக்கச் சொல்லி எழுதியிருப்பதையும் சொன்னாள். தேவகனி கடவத்தை இறக்கி வைத்துவிட்டு மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஏன் அக்கா அப்பிடி எழுதுனிய, நானும் அதத்தானே செஞ்சேன், நர்சம்மா கேட்டப்பம் வாயத் தொறக்காம நின்ன பாவியாக்கும் நான்" என்றாள். அம்மை ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் சொன்னேன், தூக்குப் பாத்திரத்தை நான் பார்த்தேன், தெரிந்துகொண்டுதான் அந்தப் பேச்சைப் பேசினேன் என்று. தேவகனி என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியும் அண்ணா, நீரு பாத்தத நான் அன்னைக்கே பாத்தேன்" என்றாள். பிறகு எழுந்து தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு, "ஒம்ம மவனுக்கு மொதல்ல எழுதும், அழுகைய பொறவு வச்சுக்கிடலாம்" என்றாள். இலைப் பொதியை வழக்கம்போல வைத்துவிட்டுத்தான் போனாள். அது ஏன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்தே ஐந்து மாதமாகக் கொண்டு வந்திருக்கிறாள்.

ஆகையால் மகனே, முந்தின ராத்திரி அவர்கள் சொல்லுகிற நேரத்தோடு வாயை மூடு. காலையில் காப்பி இல்லை, தண்ணீர் இல்லை, வேளாங்கண்ணித் தீர்த்தமும் இல்லை. கிளாராவின் தாயார் கண்ணீரோடு இடியாப்பம் கொண்டு வந்தாலும் இல்லை. தப்பித்தவறி ஏதும் தின்றுவிட்டால் உடனே சொல், திட்டுவார்கள், நாள் தள்ளிப்போகும், நாள் தள்ளிப்போனால் ஒன்றும் குடிமுழுகாது.

முடிந்த பிறகு உன் வயிறு ஒரு சிரட்டை அளவுதான் இருக்கும். முதலில் நனைத்த பஞ்சு உதட்டில், பிறகு ஒரு மணிக்கொரு தரம் கொஞ்சம் தண்ணீர், பிறகு வடித்த கஞ்சித்தண்ணீர், நாள் ஆக ஆகக் குழைந்த கஞ்சி, அரைவேக்காட்டு முட்டை, முள்ளில்லாத மீன். அவர்கள் சொல்லாமல் ஒரு படி தாண்டாதே. ஆறு வேளையாகப் பிரித்துத் தின்னு. சோற்றுக்கு நடுவில் தண்ணீர் குடிக்காதே, அரை மணி பொறு. ஒரு வாயைக் கூழாகும் மட்டும் மெல், பல் கொடுத்திருப்பது அதற்குத்தான், எனக்கு இதை ஐம்பது வயதில் சொல்லித்தந்தார்கள். போதும் என்று வயிறு சொன்ன பிறகு இலையில் இருப்பதை நினைத்து இரங்காதே. இனிப்பு வேண்டவே வேண்டாம். சித்திரையில் நேசையன் மகள் கலியாணத்தில் ஒரு தம்ளர் பாயசம் ஆசையில் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் வியர்த்து விறுவிறுத்து நெஞ்சு படபடத்துப் பந்தியிலேயே சாய்ந்தேன். எனக்கு நன்மரணச் செபம் சொல்ல ஊரில் வேறு ஆள் இல்லாததால் பிழைத்துக்கொண்டேன். உடம்பு வற்றிப்போகும், பயப்படாதே. பழைய சட்டைக்குள் நான் இப்போது தோணிப் பாய்க்குள் துடுப்பு மாதிரி நிற்கிறேன். மூன்று மாதம் சோர்வாயிருக்கும், மனசும் காரணமில்லாமல் கலங்கும். கிளாராவிடம் சிடுசிடுக்காதே. நான் அம்மையிடம் சிடுசிடுத்தேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலை நம்பாமல், நாளை புறப்பட்டு தனுஷ்கோடி வழியாக வருகிற நேசையன் கையில் கொடுக்கிறேன். வாசலில் நின்று முதல் வார்த்தையாக, காலையில் கஞ்சி கொடுக்காண்டாம் என்று வாயாலும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அம்மை நேற்று முழுதும் என்னோடு பேசவில்லை. இன்று பூசை முடிந்து வந்து, "அந்த வரிய நான் சொன்னேன், நானே திருப்பி வாங்கிட்டேன்னு எழுதும்" என்றாள். உனக்கு அனுப்ப வறுத்து இடித்த முந்திரிக்கொத்துப் பலகார மாவை டின்னிலிருந்து கொட்டிவிட்டு, துணியில் சுற்றி வேறொன்றை வைத்தாள். எனக்கு ஆஸ்பத்திரியில் அவள் கஞ்சித்தண்ணீர் புகட்டிய பால்சங்கு. உனக்குப் பிறந்த நாற்பதாம் நாள் முதல் புகட்டியதும் அதுதான். அதில் கொள்ளுகிற அளவே உனக்கு ஒரு வேளைக்குப் போதும் என்று கிளாராவிடம் சொல்.

27-ந் தேதி காலை அம்மையும் நானும் தேவகனியும் கோவிலில் இருப்போம். உன் சேதி வருமட்டும் நாங்களும் ஒன்றும் தின்பதில்லை என்று வைத்திருக்கிறோம். தேவமாதா தன் முக்காட்டுக்குள் உன்னை மூடிக் காக்கட்டும். நர்ஸ் வந்து கேட்கும்போது நீ என் மகன் என்பதை மறந்துவிடு. வேடிக்கையாக ஒன்றும் சொல்லாதே. கேட்டதற்கு உள்ளதைச் சொல்லி, சும்மா இரு.

இப்படிக்கு,
உன் நலம் கேட்டுக் காத்திருக்கும் அப்பன்
ம. ததேயுஸ் உபதேசியார்
உன் அம்மை வியாகுலம்மாள் கைநாட்டு