நீலம் ஏறிய வெள்ளை விரிப்பு

அன்பு மகள் சின்னுவுக்கு,

நேரங்கெட்ட நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பகலெல்லாம் அப்பா வீட்டில் இருக்கிறார், ராத்திரி வேலை முடிந்து அவர் வருவதற்குள் இதை எழுதி ஒட்டிவிட வேண்டும். கர்த்தர் கிருபையால் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. உனக்கு இருமல் விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நீ போனை எடுத்தால் இதையெல்லாம் நான் ஏன் காகிதத்தில் கேட்கப்போகிறேன்.

நீ திருப்பி அனுப்பிய பார்சல் வந்தது. நல்லவேளை, அப்பா அப்போது குளித்துக்கொண்டிருந்தார். அவர் கடை கடையாக ஏறி உனக்கென்று வாங்கிய ஸ்வெட்டர், மடிப்புக்கூடக் கலையாமல் அப்படியே இருந்தது. அப்பா பாரில் மது பரிமாறுகிற சம்பளத்தில் வாங்கியதை உடம்பில் போடமாட்டேன், பரிசுத்தம் என்றால் பிரித்து வைக்கப்படுவது என்று போனில் சொன்னாயே, ஜெபக்குழுவில் கேட்ட வேகத்தில் பேசுகிறாய், தணிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஸ்வெட்டரைக் கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன்.

இந்த மாதம் கோயிலில் திருவிருந்து மேசை விரிப்பைத் துவைக்கிற முறை நம்முடையது. நீ இருந்தால் அதற்குத் தனி வாளி, தனி சோப்பு, அப்பா சட்டை பக்கத்தில் வரக்கூடாது என்று சட்டம் போடுவாய். அவரும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வழி விடுங்க, பாவி வர்றான் என்று சொல்லியபடி நடந்து உன்னைச் சிரிக்கவைப்பார். பார்சல் வந்த அன்றைக்கு என் புத்தி எங்கே போனதோ, விரிப்பை அவருடைய புது நீலச் சீருடையோடு சேர்த்து மிஷினில் போட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தால் வெள்ளை முழுக்க வெளிறிய நீலம். எலுமிச்சம்பழம் தேய்த்தேன், வெந்நீரில் ஊறவைத்தேன், போகவில்லை. அழுதுகொண்டே பாஸ்டரம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் உதறிப் பார்த்துவிட்டு, ஏம்மா, இதுக்கா இந்த அழுகை, திராட்சரசம் சிந்தாத வாரம் உண்டா, அந்தக் கறையோட விரிக்கலையா, இதையும் விரிப்போம் என்றார். ஞாயிற்றுக்கிழமை விரித்தும்விட்டார்.

இந்தக் கையோடவா போய் அப்பம் வாங்குறீங்க என்று விடுதிக்குக் கிளம்புமுன் நீ அப்பாவிடம் கேட்டாய். அன்றிலிருந்து எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது அவர் மட்டும் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். இந்த வாரம் விரிப்பைப் பார்த்ததும் என் காதருகே குனிந்து, என் சட்டைச் சாயம் மேசை வரைக்கும் போயிடுச்சு பாத்தியா, என்னாலதான் முடியல என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

உன்னை வயிற்றில் சுமந்துகொண்டே கல்லூரிப் பரீட்சை எழுதியவள் நான், ஆனால் உன்னோடு வாதாட எனக்கு வராது. நீ சொல்வது தப்பு என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. அந்த வேலை எனக்கும் பிடிக்காது, வேறு தேடச் சொல்லி நச்சரித்தேன், தேடினார், அமையவில்லை. குடித்துவிட்டு எழ முடியாமல் கிடக்கிறவர்களைத் தாங்கிப்போய் வண்டி ஏற்றிவிடுகிறார், அவர்கள் எடுக்கிற வாந்தியோடு சட்டை வீட்டுக்கு வருகிறது. துவைக்கும்போது அதை அசுத்தம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பரிசுத்தம் என்று சொல்லத் தைரியமும் இல்லை. பிரித்து வைக்கத்தான் வேண்டும், சரி, எதற்காக? அந்த விரிப்பைப் பிரித்து வைப்பது அலமாரியில் பூட்டவா, மேசையில் போட்டு எல்லாருக்கும் பந்தி வைக்கவா? ஜெபத்தில் இதைத்தான் கேட்கிறேன், கேட்டபடியே முழங்காலில் தூங்கிப்போகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா லீவு சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் உன்னைப் பார்க்க வருகிறார், டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அங்க குளிர் ஆரம்பிச்சிருக்கும், ஸ்வெட்டர் அளவு சரியா இருக்கான்னு பாத்துட்டு வந்துடறேன் என்கிறார். என்ன சொல்லி நிறுத்துவேன்? போக விட்டால் உன் விடுதி வாசலில் அவர் முகம் எப்படி ஆகும்? நேற்று, பயணத்துக்கு வேண்டும், கட்டிலடியில் இருக்கிற அந்தப் பெட்டியை எடுத்துத் துடைத்து வை என்றார். இன்னும் எடுக்கவில்லை. நான் எடுக்காவிட்டால் அவரே குனிந்து எடுப்பார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். இருமலுக்கு வெந்நீர் குடி, ஈரத்தலையோடு வெளியே போகாதே.

உன் அம்மா

வரலாமா வேண்டாமா என்று அவர் கிளம்புமுன் சொல்லிவிடு. சீக்கிரம் பதில் போடு.