மாட்டு டாக்டரின் பில்லியர்ட்ஸ்

செஞ்சி
14.07.2024

அடி பிரவீணா,

நீயும் வீட்டாரும் சுகம்தானே? போனில் செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறாய். அதனால் நான் கால்நடைக் கல்லூரி விடுதியில் இருந்த காலம் மாதிரி தபாலிலேயே எழுதுகிறேன். நீயும் அப்படியே பதில் போடு.

செய்தி இதுதான்: நான் பில்லியர்ட்ஸ் கற்றுக்கொள்கிறேன். சிரிக்காதே. திருவண்ணாமலை சாலையில் டிராக்டர் சாமான் கடை மாடியில் ராஜாராம் என்பவர், புதுச்சேரியில் யாரோ கழித்துப்போட்ட பெரிய மேசையை வாங்கிப் போட்டிருக்கிறார். அவர் மனைவி மஞ்சு, எங்கள் வல்லம் ஆஸ்பத்திரிக்கு ஆடுகளைக் கொண்டுவருகிறவள். "பகல்ல பசங்க கூட்டம். காலைல காலியாத்தான் இருக்குது, வா டாக்டரம்மா. எனக்கும் ஆட ஆசைதான், இந்தாளு எதிர்ல ஆட வெக்கமாருக்குது" என்றாள். ஆறரை முதல் எட்டு வரை இருவரும் வீடியோ பார்த்துப் பார்த்து ஆடுகிறோம். மூன்றே பந்து. ஆளுக்கு ஒன்று, பொதுவில் ஒரு சிவப்பு.

இரண்டு வாரமாகியும் சிவப்பு ஒருமுறைகூடக் குழிக்குள் விழவில்லை. நேற்று என் பந்து மேசையைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, கீழே டிராக்டர் டயருக்குள் விழுந்தது. நீ கிளப்பில் பத்து வருடமாக ஆடுகிறவள். நான் எங்கே தப்புச் செய்கிறேன், சொல்லேன்.

உன்
சுவாதி


சென்னை
29.07.2024

சுவாதிக்கு,

உன் கடிதத்தைக் கிளப்பில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். டயர் வந்த இடத்தில் ஒருத்திக்குக் காபி புரையேறிவிட்டது.

செஞ்சியில் பில்லியர்ட்ஸா? அடுத்து என்ன, தொண்டூரில் கோல்ஃபா? மாட்டின் பின்னால் முழங்கை வரை கையை விடுகிறவள் க்யூ கோலைத் தொட்டால் பந்து டயருக்குள்தான் போகும். கூட ஆடுவதற்கு ஆட்டுக்காரி வேறு. நல்ல ஜோடி! இதெல்லாம் வீட்டில் நாலு பேர் ஆடப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வருவது. முப்பத்தைந்து வயதில் வீடியோ பார்த்து வராது.

கேட்டாய் என்பதற்காகச் சொல்கிறேன். தலையை அசைக்காதே. பந்தைக் குத்தாதே, க்யூ பந்தைத் தாண்டியும் நேராகப் போகட்டும். இதற்குமேல் உனக்குச் சொல்வது வீண்.

பிரவீணா


செஞ்சி
20.10.2024

அடி பிரவீணா,

வீட்டில் நாலு பேர் ஆடப் பார்த்து வளர்ந்தாயா? உன் வீட்டில் நான் பார்த்ததெல்லாம் தராசும் நிலக்கடலை மூட்டையும்தான். போகட்டும். நீ சொன்ன இரண்டும் சரி. நன்றி.

மூன்று மாதமாக ஒரே பயிற்சி. பந்தை நடுக்கோட்டில் வைத்து மேசையின் எதிர்விளிம்புக்கு நேராக அடிப்பேன். அது திரும்பி வந்து க்யூவின் முனையையே தொட வேண்டும். முதல் மாதம் முழுக்கப் பந்து திசைக்கொன்றாகத் திரும்பியது. ஊசி போடும்போது காளை துள்ளினாலும் என் கை ஆடாது, இங்கே மட்டும் ஏன் என்று தெரியாமல் அழாத குறை. மஞ்சுதான் கண்டுபிடித்தாள். "அடிக்கறதுக்கு முன்னாடியே நிமுந்து பாக்குற டாக்டரம்மா. பந்து எங்க ஓடிப்போவப்போவுது? அடிச்சிட்டு அப்புறமா பாரேன்." அடித்தபின் மூன்று எண்ணும்வரை குனிந்தே இருக்கப் பழகினேன். இடது கையை மேசையில் அழுத்தி ஊன்றினேன். க்யூவை இறுக்கிப் பிடிப்பதை விட்டேன்.

போன வாரம் சிவப்பைக் குழியில் போட்டேன். மறுநாளும் போட்டேன். என் பந்து மற்ற இரண்டையும் தொட்டு வருவதும் இப்போது தற்செயலாக நடப்பதில்லை. தவறவிடாமல் தொடர்ந்து எடுத்தது முதலில் நான்கு புள்ளி, பிறகு ஒன்பது, இன்று பதினேழு! மஞ்சு துள்ளிய துள்ளலில் கீழே கடைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்.

உன்
சுவாதி


சென்னை
04.11.2024

சுவாதிக்கு,

பதினேழுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? எங்கள் கிளப்பில் பதினேழு எடுத்தால் யாரும் தலையைக்கூடத் திருப்பமாட்டார்கள்.

டிசம்பரில் உனக்குச் சென்னையில் பயிற்சி வகுப்பு என்று போனில் சொன்னாயே. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு வா. மேசை என்றால் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டுப் போ. மூடிய ஷூ கட்டாயம், செருப்புக்கு அனுமதியில்லை. தயவுசெய்து அந்தச் சாணி வாடை பையை எடுத்து வராதே.

பிரவீணா


சென்னை
16.12.2024

சுவாதிக்கு,

நேற்று கிளப்பில் என் ஐம்பதுக்கு நீ முப்பத்தொன்று. செஞ்சி மேசைக்கு மோசமில்லை என்று பெருந்தன்மையாகச் சொல்லலாம் என்றிருந்தேன். நீயோ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தட்டு வருவதற்குள் எழுந்து போய்விட்டாய். அத்தனை பேர் முன்னால் எனக்கு எவ்வளவு அசிங்கம்! தோற்றால் சிரித்துக்கொண்டே கை கொடுப்பதுதான் கிளப் மரியாதை. அதை எந்த வீடியோவிலும் சொல்லித் தரமாட்டார்கள் போலிருக்கிறது.

பிரவீணா


செஞ்சி
05.01.2025

பிரவீணாவுக்கு,

நான் தோற்றது நியாயம். நீ என்னைவிட நன்றாக ஆடுகிறாய். ஆட்டம் முடிந்ததும் கை கொடுத்தேன், சிரிக்கவும் செய்தேன். நீ அப்போது வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாய்.

சாப்பாட்டு மேசையில் கண்ணாடி போட்ட அந்த அம்மாள், "ஆறு மாசத்துல இந்த அளவுக்கா? யாரு கத்துக் குடுத்தாங்க?" என்று என்னிடம்தான் கேட்டார். பதில் சொன்னது நீ. "எங்க மண்டியில மூட்டை தூக்குனவரு பொண்ணு இவ. எங்க நைனாதான் இவள படிக்க வச்சாரு. ஆட்டமும் நான்தான் கத்துக் குடுத்தேன்."

என் நைனா தேவேந்திரன் மூட்டை தூக்கினார். அதை நானே எங்கேயும் சொல்வேன். ஆனால் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று அவர் மிட்டாய்ப் பொட்டலத்தோடு என்னையும் மண்டிக்கு அழைத்துவந்தார். உன் நைனா பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை. "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குடா டாக்டர் படிப்பு? கடல உரிக்க ஆள் இல்ல, நாளைலர்ந்து அனுப்பு" என்றார். நீ கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாய். வெளியே ஓடிவந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு கெடக்குறாரு, நீ போய்ப் படி" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருடம் உன் மாட்டு டாக்டர் கேலியையெல்லாம் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

உன் நைனா என்னைப் படிக்க வைத்தார் என்பது பொய் என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் நாம் இருவர்தான். நான் உன் முகத்தையே பார்த்தேன். நீ சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்த ரசத்தில் உப்பில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாய். உண்மையைச் சொல்லி உன்னை அங்கே தலைகுனிய வைக்க வாய் வரவில்லை. எழுந்துவிட்டேன். அவர்களிடம் நீயே உண்மையைச் சொல்லிவிடு. நான் கேட்பது அது ஒன்றுதான்.

சுவாதி


சென்னை
18.01.2025

சுவாதிக்கு,

பேச்சோடு பேச்சாகச் சொன்னதற்கு இவ்வளவு நீளக் கடிதமா? எங்கள் மண்டி இல்லாவிட்டால் உங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்குமா? அதை நினைத்துத்தான் சொன்னேன். நன்றி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாயையாவது அடக்கு.

அங்கே உன்னை வேறு என்னவென்று சொல்வது? தோழி என்றால், எப்படித் தோழி என்று கேட்பார்கள். அந்த இடம் உனக்குப் புரியாது. நான் யாரிடமும் போய் எதையும் திருத்திச் சொல்லப்போவதில்லை. கோபம் தணிந்ததும் எழுது.

பிரவீணா


வல்லம்
09.02.2025

திருமதி பிரவீணா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. எப்படித் தோழி என்று இனி யாரும் தங்களைக் கேட்க நேராது.

ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பதை வைத்து நான் யாரையும் கீழாக நினைத்ததில்லை. பொய் சொல்லி, அது பொய் என்று தெரிந்த பிறகும் அதன்மேலேயே உட்கார்ந்திருப்பவரை அப்படி நினைக்காமலிருக்க முயன்றேன். முடியவில்லை.

நேற்றுக் காலை தொடர்ந்து முப்பத்தாறு எடுத்தேன். அது தங்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி அல்ல. கை, பழக்கத்தில் எழுதிவிட்டது. அடித்துத் திருத்தினால் பக்கம் அசிங்கமாகும் என்று அப்படியே விடுகிறேன்.

பதில் வேண்டாம்.

இப்படிக்கு,
டாக்டர் தே. சுவாதி
கால்நடை மருத்துவர், வல்லம்