எண் ஏறியதற்கு உடைத்த தேங்காய்

என் அப்புக்குட்டி,

வருகிற ஆவணியோடு நீ போய் ஒரு வருஷம். ஹோட்டலில் உன் கல்லில் வேறொருவர் பரோட்டா போடுகிறார். சித்தாள் வேலைக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

குடலில் இருந்த கட்டியை அறுத்து எடுத்த பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உனக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த இங்கிலீஷ் சீட்டில் புரிந்தது எண் மட்டும்தான். உன் ரத்த அளவு எட்டிலிருந்து பத்தானபோது டாக்டரம்மா மலையாளத்தில், "கூடியிட்டுண்டு, நல்லதாணு" என்று சிரித்தார். கூடியிருக்கிறது, நல்லதுதான் என்று அர்த்தம். எண் ஏறினால் நல்லது என்று அன்றைக்கு மனசில் வைத்துக்கொண்டேன்.

அதே சீட்டில் சி.இ.ஏ. என்று இன்னொன்றும் இருந்தது. ஒரு தடவை அதுவும் ஏறியிருந்தது. லேப் வாசலிலேயே கத்தினேன்.

"அப்பு, மூணு பதினொண்ணு ஆயிட்டுலே!"

நீ சீட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாய். மடித்துச் சட்டைப்பையில் வைத்தாய்.

"ஆமாக்கா. பரீட்சையில கூட நான் இவ்வளவு வாங்கினதில்ல."

"டாக்டரம்மாட்ட காட்டாண்டாமா?"

"அடுத்த மாசந்தான வரச் சொல்லியிருக்காவ. மொதல்ல பிள்ளையாருக்குத் தேங்கா உடைப்போம், வா."

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் என் கையால்தான் உடைத்தேன். சில்லுச் சில்லாகச் சிதறியது. எனக்கு என்ன சந்தோஷம்!

அடுத்த மாதம் சீட்டைப் பார்த்ததும் டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. "இது ஏறக் கூடாது சேச்சி. நோய் திரும்ப வருதுன்னு ரத்தம் முன்னாலயே சொல்லுது. அன்னைக்கே வராதது எந்தா?" ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் பரவியிருந்தது. நான் உன்னைப் பார்த்தேன். நீ ஜன்னலைப் பார்த்தாய்.

நீ போன பிறகு அவரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். அந்த ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பானா? "பறயான் பற்றில்ல சேச்சி" என்றார். சொல்ல முடியாதாம். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

போன வாரம் எனக்குச் சர்க்கரை பார்த்தார்கள். சீட்டு கொடுத்த பெண்ணிடம், "மோளே, இது ஏறணுமா, இறங்கணுமா?" என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இனி யார் கையில் சீட்டைப் பார்த்தாலும் இதைக் கேட்கச் சொல்வேன் அப்பு. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் சட்டைப்பையில் இருந்த சீட்டையும் அவளிடம் காட்டினேன். எண்ணுக்குப் பக்கத்திலேயே, அஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கிறதாம். நீ பத்தாம் வகுப்பு படித்தவன். அதைப் படித்துவிட்டுத்தான் என் கையில் தேங்காயைக் கொடுத்தாயா?

உன் கூடப்பிறந்த அக்கா