ஐம்பது கேள்விகளும் ஒரு யானைக்குட்டியும்

அக்டோபர் 12, ஞாயிறு

அமெரிக்காவில் எங்கள் ஊர் சுகர் லேண்ட் தமிழ்ப் பள்ளியில் இன்று நான் பாடம் எடுக்கும் நான்காம் நிலை வகுப்புக்குத் தேர்வு. க்ரிஷ் வழக்கம்போல ஐம்பதுக்கு ஐம்பது. ஆஸிபா பதினொன்று. பள்ளியை நடத்தும் மகாதேவன் அங்கிள், "ஜெயலீலா, அடுத்த தடவையும் இப்படின்னா அவளை மூணாம் நிலைக்கு இறக்கிடலாம்மா" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 13

ஆஸிபாவின் அம்மா அமீருன்னிசா போன். "இறக்குனா அவ வரவே மாட்டா டீச்சர். நான் நிறுத்திடறேன்."

மனசு கேட்கவில்லை. கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். யார், எங்கே, எப்போது, எத்தனை. ஐம்பதும் ஞாபகசக்திக்கு வைத்த பரீட்சை. ஒரு 'ஏன்' கூட இல்லை. எழுதினது யாரு? நான்தானே! ஆறு வருஷமா இதையேதான்—

அக்டோபர் 19, ஞாயிறு

பாடத்தில் ஒரு யானைக்குட்டி அரண்மனை வாசலில் சிக்கிக்கொள்கிறது. ராஜா வாசலை இடிக்கச் சொல்கிறார். வழக்கமாக, "இடிக்கச் சொன்னது யார்?" என்பேன். இன்று, "ராஜா செஞ்சது சரியா? நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

க்ரிஷ் புக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "டீச்சர், ஆன்ஸர் எந்த பேஜ்?" அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அவனையும்தான் நான் கெடுத்து வைத்திருக்கிறேன்.

கடைசி வரிசையிலிருந்து ஆஸிபா: "வொய் பிரேக் இட்? பின்னாடி வாழைப்பழம் வை. யானை ரிவர்ஸ்ல வரும்!"

ஒரே சிரிப்பு. "யானைக்குப் பின்னாடி கண்ணு இல்லையே!" என்றான் க்ரிஷ்.

"வாசனை வரும்ல!"

அப்புறம் முக்கால் மணி நேரம் சண்டை. பாதிக்கு மேல் தமிழில்! நான் வாயே திறக்கவில்லை. ஐயோ, என்ன சந்தோஷம்.

அக்டோபர் 21

அங்கிளிடம் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு. இதுக்கு மார்க் எப்படிப் போடுவ?"

பதில் எதுவானாலும் சரி, சொல்கிற காரணத்துக்கு மார்க் என்றேன். பாதித் தாள் பழைய மாதிரியே இருக்கட்டும் என்றார். அதுவும் நியாயம்தான். எதுவுமே ஞாபகம் இல்லாமல் எதை வைத்து யோசிப்பது?

நவம்பர் 9, ஞாயிறு

புதுத் தேர்வு. ஆஸிபா முப்பத்தொன்று! எழுத்துப்பிழைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஏழு காரணம் எழுதியிருக்கிறாள். க்ரிஷ் முப்பத்தெட்டு. ஒரு கேள்வியை விட்டுவிட்டான், அழவில்லை. அங்கிள் ஆஸிபாவின் தாளை இரண்டு தடவை படித்தார். "நாலுலயே இருக்கட்டும்மா."

நவம்பர் 12

அமீருன்னிசா போன். "டீச்சர், டிவியை ஏன் ஆஃப் பண்ணணும்னு தமிழ்ல மூணு காரணம் கேக்கறா. எனக்கு ரெண்டுதான் தோணுச்சு. டிவி ஓடிட்டு இருக்கு."