திருநெல்வேலியில் ஓர் இடம்

19-6-2008

மோட்டார் மறுபடி பழுது. பிளம்பர் தசரதன் நாளை வருகிறேன் என்கிறான். அவனுடைய நாளை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

கீழ்வீட்டு நிகத்துக்கு மெடிக்கல் கவுன்சலிங் அழைப்பு வந்துவிட்டது. முஸ்லிம்களுக்கென்று தனி ஒதுக்கீடு வந்தபின் நடக்கும் முதல் டாக்டர் படிப்புச் சேர்க்கை. அது இல்லாவிட்டால் இந்த மதிப்பெண்ணுக்கு என் பேர் வந்திருக்காது என்று அவளே சொன்னாள். அரசுப் பள்ளியில் தமிழில் படித்த பெண். ஏப்ரலில் அவள் அப்பா கிபாயத்துல்லா மாரடைப்பில் போனதற்குப் பின் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது இன்றுதான்.

22-6-2008

நிகத்தின் அம்மா ரூக்சார் கூப்பிட்டனுப்பினாள். புருஷன் போனால் நாலு மாதம் பத்து நாள் அவர்கள் வெளியே வரக்கூடாது. இத்தா என்கிறார்கள். ஆகஸ்ட் கடைசி வரை வாசலைத் தாண்டமாட்டாள். கவுன்சலிங்கில் பெண்ணோடு பெரியவர் ஒருவர் உள்ளே போக வேண்டும். மைத்துனர் ஜாகிர் இருக்கிறார், பல்லாவரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஆனால் —

"தூர ஊருன்னா அவரு வேணான்னுடுவாரு மாமி. நீங்க போங்க. எந்த ஊர்ல குடுத்தாலும் வாங்கிடுங்க. நீங்க நாலு வார்த்தை இங்கிலீஷ்ல பேசினா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க."

முகஸ்துதி எனக்குப் பிடிக்காது. சரி என்றேன்.

5-7-2008

நிகத்தின் சான்றிதழ்களைச் சரிபார்த்தேன். ஒரு நகலில் முத்திரை கோணல். மறுபடி வாங்கிவரச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போனாள். என் காட்டன் புடவைக்குக் கஞ்சி போட்டாயிற்று.

6-7-2008

நங்கநல்லூரிலிருந்து தம்பி யக்ஞநாராயணன் போன் செய்தான். பேச்சோடு பேச்சாக, நாளை நிகத்தோடு கவுன்சலிங்குக்குப் போவதைச் சொன்னேன். அதற்குச் சொன்னான்: "ஒரு குழந்தை நல்ல காரியத்துக்குக் கிளம்பறச்சே நீயாக்கா முன்னாடி போறது? அவாளுக்கு இதெல்லாம் தெரியாது. உனக்குத் தெரியுமோல்லியோ?"

அபத்தம் என்று போனை வைத்துவிட்டேன்.

அபத்தம்தான். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான், சகுனமாவது ஒன்றாவது. ஆனால் என் வீட்டுக்காரர் போனதிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் முன்னால் நின்றதில்லை. விலகி நில் என்று யாரும் சொல்லும்படி வைத்துக்கொண்டதில்லை, அதற்கு முன்பே நானே விலகிவிடுவேன். அதுதான் என் கௌரவம்.

நாளை ஏதாவது தவறிப்போனால்? ரூக்சார் என்னைச் சொல்லமாட்டாள். நான் சொல்லிக்கொள்வேனே.

7-7-2008

முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். கதவைப் பாதிதான் திறந்தேன். ஜாகிர் பைக்கில் வந்து நிகத்தை அழைத்துப்போனார்.

மாலை —

திருநெல்வேலியில் ஓர் இடம் இருந்ததாம். அவள் முறை வந்தபோது அந்தப் பிரிவில் மிச்சம் அது ஒன்றுதான். "ஜாகிர் சாச்சா வேணான்னுட்டாரு மாமி. விருப்பமில்லைன்னு என்னையும் கையெழுத்து போட வெச்சாரு. நாங்க வெளிய வரதுக்குள்ள அடுத்த பொண்ணு எடுத்துடுச்சு." மாடிப்படியில் நின்று சொன்னாள். அழவில்லை.

கீழே ஜாகிரின் குரல் கேட்டது. "அண்ணன் இருந்தா வேற, அண்ணி. இப்ப அங்க யாரு கீறாங்க நமக்கு? ஒண்ணு ஆச்சுன்னா நான் இன்னா பதில் சொல்லுவேன்?" கெட்ட மனிதர் இல்லை.

நான் போயிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தை. அவ்வளவுதானே வேண்டியிருந்தது? என்ன பண்ணிட்டேன் நான்?

8-7-2008

ரூக்சார் நிகத்திடம் தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். என் முழங்காலுக்கு.

11-7-2008

சேர்க்கை அலுவலகத்துக்குப் போனேன். என் முறைக்குக் காத்திருந்து, அம்மாவின் சம்மதம் இல்லாமல் நடந்தது என்று ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். "ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு மேடம். அந்த சீட்ல இன்னொரு பொண்ணு சேர்ந்தாச்சு. அதை எழுந்து போகச் சொல்லவா?"

ரயிலில் நின்றுகொண்டே திரும்பினேன்.

30-8-2008

ரூக்சாருக்கு இத்தா முடிந்தது. முதலில் மேலே என்னிடம்தான் வந்தாள். காலில் ஒன்றுமில்லை, பொய் சொன்னேன் என்று சொல்லிவிடத்தான் இருந்தேன். அதற்குள், "விடுங்க மாமி, அவளுக்கு எழுதல" என்றாள்.

காபி கலந்து கொடுத்தேன்.

நிகத் குரோம்பேட்டையில் ஒரு வருட லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். டவுன் பஸ்ஸில் போய் வரலாம். ஜாகிருக்குத் திருப்தி.

14-7-2009

நிகத் இந்த வருடமும் மெடிக்கலுக்கு விண்ணப்பித்தாள். கட்-ஆஃப் ஏறிவிட்டது. அழைப்பே வரவில்லை.

2-2-2010

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்திருந்தார். படிப்பு முடித்து நிகத் வேலை பார்க்கும் லேபுக்கே போனேன். வெள்ளைக் கோட்டு அவளுக்குத் தோளில் சற்றுப் பெரிது. "கையை இறுக்கி மூடுங்க மாமி" என்றாள். ஊசி இறங்கியதே தெரியவில்லை. இத்தனை வயதில் இப்படியொரு கை என் மேல் பட்டதில்லை.

மாலையில் ரிப்போர்ட் வாங்கப் போனேன். உறையில் போடும் முன் படித்துப் பார்த்தாள். ஓரிடத்தில் அவள் விரல் நின்றது. என்னம்மா, ஏதாவது அதிகமா என்று கேட்டேன்.

"அதை நான் சொல்லக் கூடாது மாமி. டாக்டர் பாத்துட்டு சொல்லுவாங்க."